புட்டி வாசனையும் கடமான் மூக்கும்

மான் வேட்டைக்காரர்களுக்கென்று உலகச் சந்தையில் விற்கப்படும் வாசனைகள் இரண்டு வகைப்படும். ஒன்று ஈர்க்கும் வகை. பெண்மானின் சிறுநீர், ஆண்மானின் சுரப்பிநீர், ஆப்பிள் சாறு, சோளக் கலவை, உப்புக்கட்டி எல்லாம் இதில் அடங்கும். மற்றது மறைக்கும் வகை. நரியின் சிறுநீர், பைன் மர எண்ணெய், ஈரமண் மணம், வாடையை உறிஞ்சும் கரித்தூள் வைத்துத் தைத்த சட்டை ஆகியவை மனித வாடையை மூடிமறைக்கும் என்று சொல்லி விற்கப்படுகின்றன. வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான் வேட்டையை நம்பி வளர்ந்த இந்த வியாபாரம், இணையக் கடைகளின் காலத்தில் எந்த நாட்டு வாசலுக்கும் வந்துவிடக்கூடியது. மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தேயிலைச் சரிவும் மழைக்காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கேமரன் மலையில் இந்தச் சரக்கு எதற்காவது உதவுமா என்று ஆராய்ந்தால் ஒரு முடிவுக்குத்தான் வர முடிகிறது. பலிக்காத வாசனை, வாங்கியவரின் பணத்தை விழுங்குகிறது. பலிக்கும் ஈர்ப்போ காட்டையே விழுங்குகிறது. எந்த அளவுக்கு ஒரு பொருள் மானை உண்மையாகவே வரவழைக்கிறதோ, அந்த அளவுக்கு அதைத் துப்பாக்கியிடமிருந்து தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

தித்திவாங்சா மலைத்தொடரின் மேல் கிடக்கும் இந்த மேட்டுநிலத்தை 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்திச் செடி நட்டுக் கொழுந்து பறித்தவர்களில் தமிழகத்திலிருந்து போனவர்கள் ஏராளம். இன்று ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று நீளும் பாதை நெடுகத் தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் மாறிமாறி வருகின்றன. ஆனாலும் காடு தொலைவில் இல்லை. 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டுக்குப் போகும் சாலை, சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளை ஒட்டித்தான் ஏறுகிறது. தீபகற்ப மலேசியாவின் காடுகளில் மான் என்றால் முதலில் கடமான். தமிழகத்தில் மிளா என்றும் சொல்வார்கள், மலாயில் ரூசா. இருநூறு கிலோவைத் தாண்டும் ஆண்களும் இதில் உண்டு. அடுத்தது கீஜாங் எனப்படும் கேளையாடு, இருபத்தைந்து கிலோ அளவில் நிற்கும் சிறிய மான். அதற்கும் சிறியது சருகுமான். இவை தேயிலையை மேய வருவதில்லை. காட்டோரத்துப் புல்லும், வெட்டவெளியில் துளிர்க்கும் இளந்தழையும், ஓடைக்கரையுமே இவற்றை வெளியே இழுக்கின்றன.

மானுக்கு மூக்குதான் முதல் அறிவு. நாம் ஒருவரை முகம் பார்த்து அறிவதுபோல் அது மணம் பிடித்து அறிகிறது என்று மட்டும் சொன்னால் போதாது. மானின் உடம்பே மணத்தால் எழுதவும் படிக்கவும் அமைந்தது. கடமானின் கண்ணுக்குக் கீழே ஒரு சுரப்பி உண்டு. கிளர்ச்சியிலோ அச்சத்திலோ அதன் வாய், உட்புறம் வெளித்தெரியும் அளவுக்கு விரியும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண்மான் பின்னங்கால்களில் எழுந்து நின்று, தலைக்கு மேலிருக்கும் கிளையில் முகத்தைத் தேய்த்துத் தன் மணத்தை அங்கே பூசிவிட்டுப் போகும். சேற்றைக் கிளறி அதில் சிறுநீர் விட்டுப் புரளும். கேளையாட்டுக்கு நெற்றியிலும் சுரப்பிகள் இருக்கின்றன. இப்படி விட்டுச்சென்ற செய்தியைப் படிக்க மூக்கு மட்டும் போதாமல், மேலண்ணத்தில் திறக்கும் யாக்கப்சன் உறுப்பும் வேலை செய்கிறது. பெண்மான் சிறுநீர் விட்ட இடத்தில் ஆண்மான் மேலுதட்டைச் சுருட்டிக் கழுத்தை நீட்டி நிற்பது அந்த மணத்தை இந்த உறுப்புக்கு அனுப்புவதற்காகத்தான். பெண் எந்த இனம், சினைக்குத் தயாரா என்பதை அது அப்போது தெரிந்துகொள்கிறது. புட்டி வியாபாரம் இந்த உண்மையின் மேல்தான் கடை விரித்திருக்கிறது. மணத்தை வைத்து முடிவெடுக்கும் விலங்கை மணத்தாலேயே ஏமாற்றலாம் என்பது அதன் வாதம். ஆனால் கூர்மையாகப் படிக்கத் தெரிந்த மூக்கைப் போலிக் கையெழுத்தால் ஏமாற்றுவது எளிது என்று எப்படி முடிவு கட்டுவது? கூர்மை கூடக் கூட ஏமாற்றுவது கடினமாக வேண்டும் அல்லவா?

பெண்மான் சிறுநீருக்கு அமெரிக்காவில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அங்கே வடபகுதிகளில் குளிர்காலம் நெருங்கப் பகல் சுருங்குகிறது. அந்தக் குறிப்பைக் கொண்டு வெள்ளைவால் மான்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இணைசேர்கின்றன. நவம்பரை ஒட்டிய சில வாரங்களில் ஆண்மான்கள் பெண் மணத்தைத் தேடி அலைகின்றன. வேட்டைப் பருவமும் அதே வேளையில் திறக்கிறது. ஆகவே அந்தச் சில வாரங்களில் ஒரு துளி மணம் ஓர் ஆண்மானைத் திரும்பிப் பார்க்க வைக்கலாம். கேமரன் மலையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குள் இருக்கிறது. அங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. கேளையாடு ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி போடும். கடமானுக்கும் வெப்பமண்டலத்தில் கண்டிப்பான ஒரே பருவம் கிடையாது. எல்லா ஆண்மான்களும் ஒருசேர அலையும் வாரம் என்று ஒன்று இல்லாத ஊரில், அந்த வாரத்துக்காகச் செய்த சரக்கு எந்தத் தேதியில் வேலை செய்யும்? அதோடு, புட்டியில் இருப்பது வெள்ளைவால் மானின் சிறுநீர். அது மான் குடும்பத்தின் ஒரு கிளை; கடமானும் கேளையாடும் வேறு கிளை. வேற்று இனத்துப் பெண்ணின் மணத்தைக் கடமான் தன் இனத்துப் பெண் என்று படிக்க வேண்டும் என்பது விற்பவரின் ஆசை. கடமானுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சிறுநீரின் வேதியியலும் விற்பவருக்குச் சாதகமாக இல்லை. உடம்பை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து அதில் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடுகிறது. யூரியா உடைந்து அம்மோனியாவாகிறது. ஆவியாகும் நுண்மணங்கள் போய்விடுகின்றன. பண்ணைகளில் அடைத்து வைத்த மான்களிடமிருந்து, தரையில் பதித்த கம்பி வலைக்குக் கீழே வடியும் சிறுநீரைச் சேகரிப்பதே வழக்கமான முறை. எந்த மான் எந்த நிலையில் இருந்தது என்பதெல்லாம் அங்கே கலந்துபோகிறது. மணம் பலிக்காமல் போவது பணநட்டத்தோடு முடியும். நோய் அப்படி முடியாது. 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட உருக்கி நோய், மூளையைச் சிதைத்து மெலிய வைத்துக் கொல்வது, மருந்தே இல்லாதது. அதற்குக் காரணமான பிரியான் என்னும் புரதம் எச்சிலிலும் சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறி, மண்ணில் பல ஆண்டுகள் வீரியத்தோடு கிடக்கும். இதனால்தான் வெர்ஜீனியா, வெர்மான்ட் உள்ளிட்ட சில அமெரிக்க மாநிலங்கள் இயற்கைச் சிறுநீர்ப் புட்டிகளையே தடை செய்தன. இந்த நோய் ஆசியாவை எட்டாத தூரத்துச் சங்கதியும் அல்ல. கனடாவிலிருந்து வாங்கிவந்த எல்க் மான்கள் வழியாக 2001இல் தென்கொரியாவில் அது கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் நார்வேயின் பனிமான்களிடம் தென்பட்டது. மலேசியக் காடு வெளிநோய்க்குப் புதிதல்ல. 2021இல் சபாவில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் அதே ஆண்டில் தீபகற்பத்துக்கும் வந்து காட்டுப்பன்றிகளை வாட்டியது. செயற்கையாகத் தயாரித்த புட்டியில் பிரியான் அபாயம் இல்லை என்பது சரிதான். ஆனால் அதில் மானே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறைக்கும் வாசனைகளின் கதை இதைவிட மோசம். கருவாடு வறுத்த அடுப்பங்கரையில் ஊதுபத்தி கொளுத்தினால் கருவாட்டு மணம் போய்விடாது, இரண்டும் சேர்ந்துதான் மணக்கும். மனித மூக்குக்கே இந்த நிலை என்றால் மானின் மூக்கைக் கேட்க வேண்டியதில்லை. காப்பித்தூளிலும் மிளகிலும் பொதிந்து கடத்தப்படும் போதைப்பொருளை மோப்ப நாய் பிரித்தறிவதும் இதனால்தான். ஒரு மணத்தின் மேல் இன்னொரு மணத்தைக் கொட்டினால் முதல் மணம் அழிவதில்லை. மனிதத் தோலிலிருந்து நிமிடத்துக்குப் பல்லாயிரம் நுண்செதில்கள் உதிர்கின்றன. மூச்சு ஓயாமல் வெளியேறுகிறது. சட்டைக்குள் கரித்தூள் வைத்தாலும் கழுத்துப் பட்டியும் கையும் முகமும் திறந்துதான் இருக்கின்றன. வனவிலங்கு ஆய்வாளர் ஜான் ஷிவிக் 2002இல் வெளியிட்ட ஆய்வில், வாடை உறிஞ்சும் உடை அணிந்தவர்களையும் சாதாரண உடை அணிந்தவர்களையும் மறைந்திருக்கச் சொல்லி மோப்ப நாய்களை விட்டுத் தேடச் செய்தார். அந்த உடை நாய்களைத் தடுத்து நிறுத்தவில்லை. கரி ஒருமுறை நிரம்பிவிட்டால் அதை மறுபடி முழுதாகத் தயார்ப்படுத்தப் பல நூறு பாகை வெப்பம் வேண்டும். வீட்டுத் துணி உலர்த்தியில் அந்தச் சூடு கிடைக்காது, கிடைத்தால் சட்டை மிஞ்சாது.

கேமரன் மலையின் காற்றும் இந்தச் சரக்குக்கு எதிரி. மலைச்சரிவில் வெயில் ஏறியதும் சூடான காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகிறது. பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று கனத்து மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழிகிறது. மான் நடமாடுவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும், அதாவது காற்று திசை மாறும் அதே வேளையில். கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் தட்டையாக நிற்கும் தேயிலைப் பரப்பின் மேல் காற்று வழுக்கிக்கொண்டு ஓடி, காட்டோர மரங்களில் மோதிச் சுழல்கிறது. அந்தச் சுழலில் புட்டி மணம் போகும் பக்கமே மனித வாடையும் போகும். ஒன்றை மட்டும் மானுக்கு அனுப்பி மற்றதை நிறுத்திவைக்க வழியில்லை. இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. கொழுந்து பறிப்பவர்களும் மருந்தடிப்பவர்களும் லாரிகளும் சுற்றுலாப் பயணிகளும் அன்றாடம் திரியும் தோட்டத்தில் மனித வாடை மானுக்குப் புதிய செய்தி அல்ல. காய்கறித் தோட்டங்களில் கொட்டும் கோழிச்சாணத்தின் நாற்றமும் அதற்குப் பழக்கமானதே. அந்தச் சூழலில் முன்பின் தெரியாத மணம் எது என்று கேட்டால், அமெரிக்க நரியின் சிறுநீர்தான். மறைப்பதற்காகப் பூசியதே காட்டிக்கொடுப்பதாக முடியும். அந்நிய மணம் சிக்கிவிட்டால் கடமான் முன்னங்காலால் தரையை உதைத்து, வாலை உயர்த்தி, வெண்கல மணி அதிர்ந்ததுபோல் ஒரே குரலில் கூவும். அந்தச் சரிவிலிருக்கும் எல்லா விலங்கும் விழித்துக்கொள்ளும்.

எத்தனையோ வேட்டைக்காரர்கள் சத்தியம் பண்ணுகிறார்களே, அவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்களா என்று கேட்கலாம். பொய் சொல்லவில்லை. புட்டியைத் திறந்த நாளில் மான் வந்தால் அது நினைவில் தங்குகிறது. வராத நாட்கள் மறந்துபோகின்றன. புட்டியைக் கொண்டுபோகிறவர் காற்றின் போக்கையும் பார்க்கிறார், தடத்தையும் படிக்கிறார், அசையாமலும் உட்காருகிறார். வெற்றி இவற்றில் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல ஒப்பிட்டுச் சோதிக்காமல் முடியாது. இந்தியாவில் இதற்குப் பெயர் பெற்ற ஓர் உதாரணம் உண்டு. 2018இல் மகாராட்டிரத்தின் யவத்மாள் பகுதியில் மனிதர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி1 என்ற பெண்புலியைப் பிடிக்க, கால்வின் கிளைனின் அப்செஷன் என்ற ஆண்களுக்கான வாசனைத் திரவியத்தை வனத்துறை பயன்படுத்தியது. புனுகில் இருக்கும் சேர்மத்தைப் போன்ற ஒன்று அதில் உண்டு என்பதும், பெரும்பூனைகள் அதை ஆவலோடு முகர்ந்து பார்க்கின்றன என்பதும் விலங்குக் காட்சியகச் சோதனைகளில் தெரிந்திருந்தன. ஆனால் அங்கே இரைக்காகக் கட்டிய கால்நடைகள், கேமராக்கள், ரோந்து வண்டிகள் என எல்லா முயற்சியும் ஒரே சமயத்தில் நடந்தது. நவம்பர் 2ஆம் தேதி இரவு புலி சுட்டுக் கொல்லப்பட்டது. அதை வரவழைத்தது வாசனைதான் என்று அந்த நிகழ்ச்சியை வைத்து யாரும் நிறுவ முடியாது. ஆவலால் முகர்வது வேறு, அந்த ஆவலுக்காகத் தன் பாதையை மாற்றிக்கொண்டு வருவது வேறு. மானின் விஷயத்திலும் இந்த இடைவெளியைப் புட்டி தாண்டியதற்குச் சான்று மெலிவாகவே இருக்கிறது.

இந்த இடைவெளியை உண்மையாகவே தாண்டுவது உப்பு. தழை மேயும் விலங்குக்குச் சோடியம் எப்போதும் பற்றாக்குறை. செடிகளுக்குச் சோடியம் அதிகம் தேவைப்படாததால் அவை அதைச் சேர்த்து வைப்பதில்லை. பெருமழை கொட்டும் காட்டில் மண்ணிலிருப்பதும் கரைந்து ஓடிவிடுகிறது. இளந்தழையில் நிறைந்திருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றும்போது உடம்பு சோடியத்தையும் சேர்த்து இழக்கிறது. பால் கொடுக்கும் பெண்மானுக்கும், கொம்பு வளர்க்கும் ஆண்மானுக்கும் தாதுக்களின் தேவை இன்னும் கூடுகிறது. ஆகவே ஊற்றுநீரில் தாதுக்கள் கசியும் சேற்றிடங்களை மான், காட்டெருது, யானை, தாப்பிர் எல்லாம் தேடி வருகின்றன. மலாயில் இவற்றைச் சீரா என்றும் ஜெனுட் என்றும் சொல்கிறார்கள். நாம் உப்புநிலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை கண்டுகொண்ட உப்புநிலத்துக்கு விலங்குகள் பழகிய தடம் வழியே மீண்டும் மீண்டும் வரும். தாயோடு வரும் குட்டியும் அந்த வழியைக் கற்றுக்கொள்ளும். இங்கே ஏமாற்று எதுவும் இல்லை. மான் கேட்டது கிடைக்கிறது. அதனால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. அதனாலேயே இது புட்டியைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

எந்த இரவில் எந்த இடத்துக்கு விலங்கு வரும் என்று தெரிந்துவிட்டால் வேட்டைக்குத் திறமை தேவையில்லை. பரண் கட்டி உட்கார்ந்தால் போதும், இல்லையென்றால் தடத்தில் கம்பிச் சுருக்கு வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். வருகிற விலங்குகளில் பால் கொடுக்கும் பெண்மான்களும் இருப்பதால், ஒரு வெடி இரண்டு உயிரை எடுக்கிறது. ஓர் உப்புநிலத்தில் நடக்கும் வேட்டை, அந்த வட்டாரம் முழுவதிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் கூடிவரும் விலங்குகளைச் சிறுகச் சிறுக உறிஞ்சி எடுத்துவிடும். மலேசியச் சட்டம் இதை உணர்ந்தே உப்புநிலத்திலும் அதைச் சுற்றிய நிலத்திலும் வேட்டையாடுவதைத் தடுத்திருக்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், இரைகாட்டி ஈர்ப்பதையும் அதற்கு முயல்வதையும் வேட்டை என்ற சொல்லின் இலக்கணத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. சுட்டால்தான் குற்றம் என்றில்லை. கடமான் இத்தகைய காவலுக்கு ஏங்கி நிற்கும் விலங்கு. 2008 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவை எதிர்நோக்கும் பட்டியலில் வைத்திருக்கிறது. மலேசியாவில் பெர்ஹிலித்தான் என்று அழைக்கப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை, 2009இல் கடமானுக்கும் கேளையாட்டுக்கும் வேட்டை உரிமம் தருவதை நிறுத்தியது. அந்த நிறுத்தம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. மலாயாப் புலிக்குக் கடமான் முக்கிய இரை. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின் முடிவில், காட்டில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. கடமான் குறைந்த காட்டில் புலியை மட்டும் தனியாகக் காப்பாற்றிவிட முடியாது.

தோட்டக்காரர்கள் வேறொரு கேள்வி கேட்கலாம். முட்டைக்கோசையும் தக்காளியையும் விலங்கு நாசம் செய்தால் யார் ஈடு தருவார்கள்? ஈர்த்துச் சுட்டுவிட்டால் தொல்லை தீருமே? கவலை நியாயமானது. ஆனால் ஈர்ப்பது அதற்கு மருந்தல்ல. உப்போ பழமோ வைத்து விலங்கை வரவழைத்தால், இதுவரை காட்டுக்குள் கிடந்ததும் தோட்டத்து ஓரத்தை மேய்ச்சலிடமாகப் பழகிக்கொள்ளும். ஒன்று சாக, ஐந்து வழி தெரிந்து கொள்ளும். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் இந்தப் பழக்கத்தின் பலனைப் பார்க்கலாம். 1840களில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களை விட்டுத் துரத்திய அதே இனக் கடமான்கள், 1988இல் தேசியப் பூங்காவான அந்த இடத்தில் இன்று வாகனம் நிறுத்துமிடத்துக்கே வந்து பயணிகளிடம் தின்பண்டத்துக்கு நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக வந்த அச்சத்தைச் சில பொட்டலங்கள் கழற்றிவிட்டன. பயிரைக் காக்க நினைப்பவர் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. அழுகிய காய்களைக் காட்டோரத்தில் கொட்டாமலிருப்பது, வேலியைப் பழுது பார்ப்பது, தொல்லை மிஞ்சினால் பெர்ஹிலித்தானிடம் புகார் செய்வது ஆகிய மூன்றுக்கும் புட்டி தேவையில்லை.

காட்டிலேயே வாழும் பூர்வகுடி மக்களைச் சுட்டிக்காட்டி, அவர்கள் வேட்டையாடலாம், மற்றவர்கள் கூடாதா என்றும் கேட்கிறார்கள். கேமரன் மலைப் பகுதி செமாய் மக்களின் பூர்வீக நிலம். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பூர்வகுடியினர் தங்கள் குடும்பத்தின் உணவுக்காக மட்டும், பட்டியலில் குறித்த சில விலங்குகளை வேட்டையாட இடம் தருகிறது, விற்க அல்ல. வேட்டையைத் தேவையின் அளவோடு கட்டிப்போடும் விதி அது. ஈர்ப்புச் சரக்கின் நோக்கம் அந்தக் கட்டை அவிழ்ப்பதுதான்: குறைந்த நேரத்தில் அதிக விலங்கு. ஒருவருடைய சோற்றுக்கான உரிமையை இன்னொருவரின் விளையாட்டுக்கோ இறைச்சி வியாபாரத்துக்கோ சான்றாகக் காட்டுவது நியாயமாகாது. 2022இல் திருத்தப்பட்ட சட்டத்தில் கடுமையான குற்றங்களுக்கு அபராத உச்சவரம்பு 10 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறை 15 ஆண்டாகவும் உயர்ந்திருப்பது, சந்தைக்காக நடக்கும் வேட்டையை மனத்தில் வைத்துத்தான்.

அப்படியானால் மானை ஈர்க்கும் அறிவு முழுவதும் வீணா? வீணில்லை, கைமாற வேண்டும், அவ்வளவுதான். பகாங்கிலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது. மலாயாவுக்கு வந்து, யானையும் காட்டெருதும் சுட்டு, 1905இல் அந்த வேட்டைகளைப் பற்றிப் புத்தகமும் எழுதிய தியோடர் ஹப்பக், பிறகு வனவிலங்குகளின் வழக்கறிஞராக மாறினார். அவர் தலைமையில் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையம் 1932இல் அறிக்கை தந்தது. 1938-39இல் உருவான, இன்று தாமான் நெகாரா என்று வழங்கும் தேசியப் பூங்காவுக்கு அவருடைய விடாப்பிடியே முக்கியக் காரணம். அந்தப் பூங்காவின் கோலா தாஹான் பக்கத்தில் உப்புநிலங்களைப் பார்த்தபடி பும்புன் எனப்படும் மறைவுக் குடில்கள் கட்டப்பட்டுள்ளன. பரணில் காத்திருக்கும் அதே பொறுமையோடு பயணிகள் அங்கே இரவெல்லாம் உட்காருகிறார்கள். மான் வருகிறது, நக்குகிறது, போகிறது. மறுவாரமும் வருகிறது. கணக்கெடுப்புக் கேமராவை எங்கே வைப்பது என்று தேடும் ஆய்வாளருக்கும் உப்புநிலம்தான் முதல் முகவரி. புலிக்கு இரை பெருகட்டும் என்று செயற்கை உப்புநிலம் அமைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். காவல் போட முடியாத இடத்தில் உப்பு வைத்தால், அது கள்ள வேட்டைக்காரருக்கு வழிகாட்டிப் பலகை நட்ட கதையாகிவிடும். விலங்குகள் ஒரே சேற்றில் கூடினால் நோயும் கூடும். ஆகவே உப்பு எவ்வளவு வைப்பது என்பதைவிட, யார் காவலில் வைப்பது என்பதே பெரிய கேள்வி.

கேமரன் மலையின் தோட்ட நிர்வாகங்களும் காய்கறி விவசாயிகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் ஒரு சில விதிகளைத் தங்களுக்கே போட்டுக்கொள்ளலாம். தோட்டத்தின் காட்டோர எல்லையில் யாரும் உப்போ பழமோ கொட்டக் கூடாது. கம்பிச் சுருக்கோ பரணோ உப்புக்கட்டியோ கண்ணில் பட்டால், கழற்றி எறிந்துவிட்டு மறந்துவிடாமல் இடத்தைக் குறித்து அன்றே பெர்ஹிலித்தானுக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து மான் சிறுநீர்ப் புட்டி வரவழைப்பவர், அது பலிக்காது என்பதோடு அதற்குள் என்ன நோய் வருகிறது என்று அவருக்கே தெரியாது என்பதையும் யோசிக்க வேண்டும். கடமானையும் கேளையாட்டையும் சுட உரிமமே இல்லாத மண்ணில், அவற்றை ஈர்க்கும் வாசனைக்கு நேர்மையான வேட்டைப் பயன் ஒன்றுகூடக் கிடையாது.